ஏறின ஸ்டாப்பிலேயே இறங்கின கல்

கீரனேந்தல்,
கொத்தமங்கலம் வழி,
புரட்டாசி 15.

கனிமவளத் துறையில் பொறுப்பான உத்தியோகத்தில் இருக்கும் மாப்பிள்ளை ரவிக்குமார் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் அழகுசுந்தரம் எழுதிக்கொண்டது. இங்கே எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், உங்கள் அத்தை மீனம்மாளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைச்சல், சினைப்பசு நல்லபடியாக இருக்கிறது. அங்கே தாங்களும் மகள் சத்தியப்பிரியாவும் பேத்தியும் எங்களைவிட ஒருபடி மேலாக இருக்க வேண்டுமென்று மடைக்கருப்பரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேன் மாமா' என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு நீலக் குறி விழுகிறது, பதில் விழ மாட்டேன் என்கிறது. சத்தியப்பிரியாதான், 'அப்பா, நீங்க பேசினா சண்டையில முடியும், ஒழுங்கா எழுதி அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை படிப்பாரு' என்று வழி சொன்னாள். அதுவும் சரிதான். முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, காகிதத்துக்குத்தான் மதிப்பு என்பது எனக்குத் தெரியாததல்ல. ரிட்டயர் ஆன அன்று டிப்போக்காரர்கள் கொடுத்தார்களே ஒரு பேனா, அதில்தான் இதையும் எழுதுகிறேன். அந்தப் பேனாவால் நாளுக்கு ஒரு கேள்வியாவது எழுதி யாருக்காவது அனுப்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆறு பத்து பஸ் எங்கள் ஊரில் ஏன் நிற்பதில்லை, ரேஷன் கடைத் தராசுக்கு யார் முத்திரை வைப்பது, இப்படி எத்தனையோ. எதையெல்லாம் கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தப் பேனாவைக் கண்மாயில் போட வேண்டும் என்பது உங்கள் அத்தையின் நெடுநாள் விருப்பம்.

இப்போது கேட்கிற கேள்வி இதுதான். கண்மாயைப் பெரிதாக்குவதற்காக, கண்மாயில் வெட்டின கல்லை, கண்மாய்க் கரையிலேயே போட்டால், அதற்குக் கனிம அனுமதி வேண்டுமா, வேண்டாமா?

சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். எங்கள் கண்மாயை நம்பி எண்பது ஏக்கர் இருக்கிறது. மூன்று வருஷமாகத் தை பிறப்பதற்குள் தண்ணீர் வற்றிப் பயிர் பாதியில் நிற்கிறது. கண்மாயை அகலப்படுத்தலாம் என்று ஊர் கூடிப் பேசினோம். வடகரைக்கு வெளியே ஒட்டினாற்போல என் புஞ்சை எழுபது சென்ட் கிடக்கிறது. அதைக் கண்மாய்க்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். ஊரே கை தட்டியது. உங்க அத்தை மட்டும் வீட்டுக்கு வந்ததும், 'ஒரு அடி தோண்டினா செம்புறாங்கல்லு, கேப்பை விதைச்சாக்கூட விதைச்சது வராது, அதைத் தூக்கிக் குடுத்துட்டு என்ன இம்புட்டு நெஞ்சை நிமித்துறீக'ன்னு கேட்டா. அது உண்மைதான், ஆனா அதை அந்த நேரத்துல சொல்லியிருக்க வேண்டாம்.

ஆனா பாருங்க மாப்பிள்ளை, அந்தச் செம்புறாங்கல்லுதான் கைகொடுத்துச்சு. பழைய வடகரையை அம்பது அடிக்கு உடைச்சு எடுத்துட்டு, என் நிலத்தைச் சுத்தி வெளியே புதுக்கரை போடணும். புதுக்கரைக்கு உள்பக்கம் கல்லு பதிக்கணும். கல்லு எங்கே இருக்கு? என் நிலத்துலயே இருக்கு. அதை வெட்டினா கண்மாயும் ஆழமாகும், கரைக்கும் கல்லாச்சு. வெட்டுற இடத்துக்கும் பதிக்கிற இடத்துக்கும் நூறு எட்டு நடைதான். பாண்டிமுருகன்னு நம்ம ஊர்ப் பையன் டிராக்டர் வச்சிருக்கான், கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருக்கு, இன்னும் நான் பையன்னுதான் சொல்றேன். அவன் ஏத்தினான், இறக்கினான். மூணு நாள் வேலை ஜோரா நடந்துச்சு.

நாலாம் நாள் ஒரு ஜீப் வந்துச்சு. வி.ஏ.ஓ. முன்னால இறங்கினாரு. பின்னால ஒரு பொம்பளப் பிள்ளை, உங்க துறைதான், மஹாலட்சுமின்னு பேரு, சின்ன வயசு, வெளியூர்ப் பேச்சு, தொப்பியும் ஷூவும் போட்டுக்கிட்டு. வந்ததும் டிராக்டரை நிறுத்தச் சொல்லிருச்சு. பாண்டிமுருகன் நின்ன இடத்துலயே நிறுத்தினான். வெட்டின இடத்துலருந்து அறுவது எட்டு வந்திருந்தான், கரைக்கு இன்னும் நாப்பது எட்டு இருந்துச்சு. இன்னிக்கும் ஒரு லோடு கல்லோட அங்கேயேதான் நிக்குது. முன்னால ஓட்டினா அனுமதியில்லாம கொண்டுபோனதாகுமா, பின்னால கொண்டுபோய் இறக்கினா தடயத்தை மறைச்சதாகுமான்னு பாண்டிமுருகன் என்னைக் கேக்கான். ஆடுக மட்டும் கல்லு மேல ஏறி நின்னு வேடிக்கை பாக்குதுகளாம்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டு மோர் கொடுத்தேன், குடிச்சுட்டு ஒரு ஃபாரத்தை விரிச்சுச்சு.

"அய்யா, இந்த இடம் யார் பேர்ல இருக்குங்க?"

"கண்மாய்க்குக் குடுத்தாச்சும்மா."

"எப்ப குடுத்தீங்க?"

"ஆடிப் பதினெட்டு."

"எங்க பதிவு பண்ணீங்க?"

"மடைக்கருப்பர் கோயில்ல."

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஊர்க்காரக அம்புட்டுப் பேரும் நிக்க, தாம்பூலத் தட்டுல நிலத்து மண்ணு ஒரு பிடி வச்சுக் கருப்பர் முன்னால வச்சோம். செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு எடுத்துப் பாத்தோம். வெள்ளைப் பூ வந்துச்சு. கருப்பரே சம்மதம் குடுத்துட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்னு நாங்க மம்பட்டியைத் தூக்கிட்டோம். எங்க அய்யா காலத்துல மடை கட்டினதும் இப்படித்தான், அதுக்கு முந்தியும் இப்படித்தான். பத்திரம் பதியணும்னு ஒருத்தருக்கும் தோணலை. காகிதம் காகிதம்னு அலையிற எனக்கே தோணலை, அதுதான் எனக்கு இன்னும் விளங்காத அதிசயம்.

அந்தப் பிள்ளை பொறுமையாக் கேட்டுட்டு, "இதெல்லாம் எழுத இந்த ஃபாரத்துல இடமில்லீங்கய்யா"ன்னுச்சு. அப்புறம் விளக்கமாச் சொல்லுச்சு. கல்லு கண்மாய்க்குள்ள எடுத்து அந்தக் கண்மாய் வேலைக்கே போட்டா அது ஒரு கணக்காம், அதுக்கு வேற இடத்துல கேக்கணுமாம். பட்டா நிலத்துல வெட்டினா அது குவாரி மாதிரியாம், அதுக்கு அவுக ஆபீஸ்ல அனுமதி வாங்கணுமாம். காகிதத்துல பாத்தா இந்த எழுபது சென்ட் இன்னும் என் பட்டாவாம். அதனால இது என் குவாரியாம். ஃபாரத்துல 'அனுமதியின்றிக் கல் வெட்டியவர்'னு போட்டு அதுக்கு நேரா என் பேரை எழுதிருச்சு. மாப்பிள்ளை, முப்பத்திரண்டு வருஷத்துல எத்தனை பேரை டிக்கெட் இல்லாதவன்னு எழுதியிருக்கேன். எழுதப்படுறது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

ஆனாலும் கேள்வி விடலை. "அப்ப இது எப்பம்மா கண்மாய் ஆகும்?"னு கேட்டேன். தண்ணி நின்னாத்தானே கண்மாய். கரை இருந்தாத்தானே தண்ணி நிக்கும். கல்லு பதிச்சாத்தானே கரை. கல்லு வெட்டினாத்தானே பதிக்க முடியும். இது கண்மாயா இருந்தா நான் கல்லு வெட்டலாம், கல்லு வெட்டினாத்தான் இது கண்மாயா இருக்கும். அந்தப் பிள்ளை தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. வி.ஏ.ஓ.வும் யோசிச்சாரு. ஜீப் டிரைவர்கூட இறங்கி வந்து பக்கத்துல நின்னு யோசிச்சாரு. கடைசியில "நல்ல கேள்விதாங்கய்யா, எழுதிக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு எழுந்திருச்சு. நானும் அதுக்குத்தான் உங்களுக்கு எழுதுறேன்.

என் வாதம் என்னன்னா, இதை பஸ்ஸை வச்சுப் பாருங்க. ஒரு ஆளு பின்வாசல்ல ஏறி முன்வாசல்ல இறங்கிட்டான், பஸ்ஸு அதே ஸ்டாப்புலதான் நிக்குது. அவனுக்கு டிக்கெட் உண்டா? கிடையாது. ஏறின ஸ்டாப்புலயே இறங்கினவனுக்கு டிக்கெட் கேக்குற பரிசோதகர் எந்த டிப்போவுலயும் கிடையாது. இந்தக் கல்லும் கண்மாய்ல ஏறிக் கண்மாய்ல இறங்குது. எனக்கு இது ரொம்பத் தெளிவா இருக்கு.

இதை உங்க அத்தைகிட்ட சொன்னேன். அவ கீரையை ஆஞ்சுக்கிட்டே, "அப்ப என் தம்பிக்கு எதுக்கு அபராதம் போட்டீக?"ன்னு கேட்டா. அதையும் உங்களுக்குச் சொல்லிடுறேன், இல்லாட்டி அவளே போன்ல சொல்லிருவா. உங்க கல்யாணத்துக்கு ரொம்ப முந்தி நடந்தது. ஒரு நாள் செக்காலை ஸ்டாப்புல நான் பஸ்ஸுக்குள்ள சோதனையில இருக்கேன். உங்க அத்தையோட தம்பி இருளாண்டி, எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து பஸ்ஸுல ஏறிட்டான். டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. அடுத்த ஸ்டாப்பு வந்துருச்சு. அவன்கிட்ட டிக்கெட் இல்லை. பஸ்ஸு முழுக்க ஆளு பாக்குறாக. மச்சினன்னு விட்டா நாளைக்கு என்னை யாரு மதிப்பா? ஒரு கையில டிபன் கேரியரை வாங்கிக்கிட்டு இன்னொரு கையால ரசீதை எழுதினேன். எழுதத் தோதா அவனே குனிஞ்சு முதுகைக் காட்டினான். அது வேற, இது வேற. அவன் ஏறின ஸ்டாப்பு வேற, இறங்கின ஸ்டாப்பு வேற.

இப்ப முக்கியமான விஷயம். யாரோ மனுப் போட்டிருக்காகன்னு அந்த மஹாலட்சுமிப் பிள்ளை சொல்லுச்சு. தன்கிட்ட வந்தது விவரப் பக்கம் மட்டுந்தான், பேரு அதுல இல்லைன்னுருச்சு. ஊருக்குள்ளேயிருந்துதான் வந்திருக்காம். சர்வே நம்பர், எத்தனை சென்ட், எத்தனை அடி ஆழம், எந்தக் கரை, எல்லாம் புட்டுப் புட்டு வச்சிருக்காம். "கையெழுத்து முத்து முத்தா இருக்குங்கய்யா"ன்னு வேற சொல்லுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. இம்புட்டு விவரம் தெரிஞ்சவன் ஊருல ரெண்டே பேருதான். ஒண்ணு நான், இன்னொண்ணு இருளாண்டி. அவன் வயலு என் புஞ்சையை ஒட்டித்தானே இருக்கு. அவன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், அதனால வேற எவனையோ வச்சு எழுதியிருக்கான். அந்த ரசீதை இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்து இப்ப எனக்கு ரசீது போட்டுட்டான்.

அன்னியிலருந்து அவன்கூடப் பேச்சு வார்த்தை கிடையாது. டீக்கடையில அவன் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உக்காருறேன். கண்மாய்ப் பக்கம் போனா அவன் வயலைத் தாண்டிப் போகணும்னு அங்குட்டுப் போறதையும் நிறுத்திட்டேன். பாண்டிமுருகன்தான் இங்குட்டு வந்து சேதி சொல்லிட்டுப் போறான். இருளாண்டி பேரை எடுத்தாலே நான் எழுந்து போயிருவேன்னு அவனும் அதைச் சொல்றதில்லை. 'என் தம்பி மனுப் போட்டிருக்க மாட்டான்'னு உங்க அத்தை ஒத்தைக் கால்ல நிக்கிறா. எப்படிச் சொல்றேன்னு கேட்டா, 'அவனுக்குச் சோலி இருக்கு'ங்கிறா. இதெல்லாம் ஒரு சாட்சியா, நீங்களே சொல்லுங்க.

நிற்க. எழுத்து எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும்.

தங்கள் துறையைப் பற்றி எனக்கு இதற்கு முன் ஒன்றும் தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சத்தியப்பிரியாவைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்குக் கல் மண் பார்க்கிற வேலை என்றார்கள், இதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இப்போது பார்க்கிற இடமெல்லாம் கனிமமாகத் தெரிகிறது. மணல் கனிமமாம், களிமண் கனிமமாம், சரளையும் கனிமமாம். நம் வீட்டுக் கூடத்தில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை உற்றுப் பார்த்தேன், அதிலும் மணல் இருக்கிறது. அம்மிக்கல்லைப் பார்த்தேன். உங்கள் அத்தை மீன் குழம்பு வைக்கிற மண்சட்டியைக் கையில் எடுத்து, இதுவும் கனிமந்தான் தெரியுமா என்றேன். 'கனிமத்துலதான் குழம்பு கொதிக்குது, அனுமதி வந்தா சாப்பிடுவீகளா, இல்லை இப்பவே ஊத்தவா'ன்னு கேட்டா. நான் இப்பவே ஊத்தச் சொல்லிட்டேன்.

சிரிக்கிற நேரம் இல்லை மாப்பிள்ளை. பழைய கரையை அம்பது அடிக்கு உடைச்சாச்சு, புதுக்கரை பாதிதான் ஏறியிருக்கு. அந்த வாய் திறந்து கிடக்கு. நேத்து சாயங்காலம் கிழக்கே இருட்டிக்கிட்டு வந்துச்சு, ரெண்டு தூறல் போட்டுட்டு நின்னுருச்சு. ஐப்பசி பிறக்க ரெண்டு வாரந்தான் இருக்கு. அடைமழை பிடிச்சா கண்மாய்த் தண்ணி அந்த வாய் வழியா வெளியேறும். வெளியேறினா நேரே கீழத்தெருதான், முப்பது வீடு. எண்பது ஏக்கரும் அப்புறம் காய வேண்டியதுதான். நிலம் கொடுத்தேன்னு கை தட்டினவுக, ஊரைக் கெடுத்தவன்னு சொல்லுவாக. சொல்லாட்டியும் நான் சொல்லிக்குவேன். ரெண்டு நாளாத் தூக்கம் இல்லை. எனக்குப் பயமா இருக்கு, இதை உங்க அத்தைகிட்டகூட நான் சொல்லலை.

ஆகையால் தாங்கள் துறையின் புத்தகத்தைப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதவும். வேண்டும் என்றால் எந்த ஃபாரம், எந்த ஆபீஸ் என்பதையும் சேர்த்து எழுதவும். மனுக்காரன் பேரைக் கண்டுபிடிக்க முடியுமென்றால் அதையும் எழுதவும். இருளாண்டிதான் என்று எழுத்தில் வந்துவிட்டால், ஊர் நடுவில் வைத்து அவனை நாலு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன்.

பேத்தியின் கன்னத்தில் எனக்காக ஒன்று, உங்கள் அத்தைக்காக ஒன்று கொடுக்கவும். வருகிற மழை உங்கள் ஊரிலும் வேண்டிய அளவு பெய்து, வேண்டிய இடத்தில் நின்று, தங்கள் குடும்பம் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
அனுமதி வரும் வழி பார்த்திருக்கும் மாமனார்,
அ. அழகுசுந்தரம்,
டிக்கெட் பரிசோதகர் (ஓய்வு).

பின்குறிப்பு, புரட்டாசி 17:

நேற்று காந்தி ஜெயந்தி, தபாலாபீஸ் விடுமுறை. அதனால் கடிதம் கையிலேயே இருந்தது. இன்று காலை அனுப்பலாம் என்று போனால், எனக்கே ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்திருந்தது. விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ். கூடவே அந்த மனுவின் நகலும் வைத்திருந்தார்கள்.

முத்து முத்தான கையெழுத்துத்தான் மாப்பிள்ளை. என் கையெழுத்து. டிப்போ கொடுத்த அதே பேனா. வைகாசி மாசம், கண்மாயை அகலப்படுத்தலாம்னு ஊருல முதல்ல பேச்சு வந்தப்போ, 'கண்மாய் விரிவாக்கத்துக்குக் கல் வெட்டக் கனிம அனுமதி தேவையா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்'னு, என் புஞ்சை சர்வே நம்பர் முதக்கொண்டு போட்டு, நான்தான் எழுதிக் குறைதீர்க்கும் நாள்ல கொடுத்திருக்கேன். பதில் வரலைன்னு மறந்தே போயிட்டேன். அது மேசை மேசையாப் போயிருக்கு. முதல் மேசையில 'பார்வைக்கு'ன்னு முத்திரை, அடுத்ததுல 'விசாரணைக்கு', அதுக்கடுத்ததுல 'உரிய நடவடிக்கைக்கு'. கேள்வியாப் போனது புகாராத் திரும்பி வந்துருக்கு. நோட்டீஸ்ல, மனுதாரர் அழகுசுந்தரம் பதினொரு மணிக்கும், எதிர்மனுதாரர் அழகுசுந்தரம் பதினொன்றரை மணிக்கும் ஆஜராகணும்னு போட்டிருக்கு.

காகிதத்தைச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டு நேரே கண்மாய்க்குப் போனேன். அங்கே இருளாண்டியும் கீழத்தெருச் சனமும் உரச் சாக்குல மண்ணை அள்ளி அள்ளி உடைச்ச வாயில அடுக்கிக்கிட்டு இருக்காக. எல்லாம் இருளாண்டி வயல் மண்ணு. வேலை நின்ன மறுநாள்லருந்து இதே வேலையாம். பாதி அடைச்சுட்டாக. நான் அங்குட்டுப் போகாததால எனக்குத்தான் தெரியலை. என்னைப் பாத்ததும், "என்ன மச்சான், டிக்கெட் பாக்க வந்தீகளா?"ன்னான். "இருளாண்டி, மனுப் போட்டது நான்தான்டா"ன்னு சொன்னேன். அவன் சாக்கைக் கட்டிக்கிட்டே, "தெரியுமே மச்சான், அன்னிக்கு டீக்கடையில எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீகளே"ன்னான். பாண்டிமுருகனுக்கும் தெரியுமாம். டீக்கடைக்காரனுக்கும் தெரியுமாம். ஏன்டா ஒருத்தனும் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா அதையும் எழுதிக் கேப்பீகன்னு விட்டுட்டோம். இந்தாங்க, இந்த முனையைப் பிடிங்க"ன்னு சாக்கை நீட்டினான். பிடிச்சேன். இருட்டுற வரைக்கும் பிடிச்சேன். இடுப்பு போயிருச்சு, ஆனா இன்னிக்கு ராத்திரி தூங்கிருவேன்.

சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போதே ஒரு கேள்வி வந்துச்சு. சொந்த வயல் மண்ணை வெட்டி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோறதுக்கு அனுமதி வேணுமா, வேணாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன். பேனாவை இந்தக் கடுதாசி முடிஞ்சதும் உங்க அத்தைகிட்ட ஒப்படைச்சுருவேன். இருளாண்டியைப் பத்தி மேலே எழுதினதை ஒண்ணுவிடாம அடிச்சுருங்க, சத்தியப்பிரியாகிட்டயும் காட்ட வேண்டாம்.

நான் கேட்ட கேள்விக்கு இப்போதைக்குப் பதிலும் எழுத வேண்டாம் மாப்பிள்ளை. அங்குட்டு உரச் சாக்கு கிடைச்சா ஒரு கட்டு அனுப்பி வைங்க.